அந்த ஒரு மில்லிமீட்டர்

சென்ற கோடையில் என் பெஞ்சுத் தோழன் ஒரு நீளமான அட்டைப்பெட்டியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பள்ளியில் ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது இரண்டு பேரும் வெளிநாட்டில், நினைத்தால் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் இருக்கிறோம். "எனக்கு நேரமே கிடைக்கலை, தூக்கிப் போடவும் மனசு வரலை, நீ பார்த்துக்கோ" என்றான்.

பெட்டிக்குள் 720 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் மின்படகு இருந்தது. அடிப்பாகம் வி வடிவத்தில் இறங்கும் ஃபைபர் கிளாஸ் படகு. கரையில் மோதியதில் மூக்கு பிளந்திருந்தது. உள்ளே போன தண்ணீரை யாரும் துடைக்காமல் ஆறு வருடம் அப்படியே கிடந்ததால் மோட்டார் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. வேகக் கட்டுப்பாட்டுப் பலகை கறுத்துப் போயிருந்தது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. அப்படி உப்பிய பேட்டரியை ஒருமுறைகூடச் சார்ஜரில் போட்டுப் பார்க்கக் கூடாது, தீப்பிடிக்கும். முதல் வேலையாக அதை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் கிரீஸ் வாசனை அடித்தது. எங்கள் இயற்பியல் ஆய்வகத்தின் பின்மூலை மேசை நினைவுக்கு வந்தது.

பதினோராம் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு செய்தோம். ஒட்டுப்பலகை உடல், பழைய டேப் ரெக்கார்டரில் இருந்து கழற்றிய மோட்டார், சைக்கிள் ஸ்போக்கை வெட்டிச் செய்த தண்டு, தகரத்தில் வெட்டி முறுக்கிய புரொப்பெல்லர். காலியான பேனா ரீஃபில் குழாய்க்குள் கிரீஸை அடைத்து, அதன் வழியாக ஸ்போக்கை வெளியே விட்டால் தண்ணீர் உள்ளே வராது என்று சொல்லிக் கொடுத்தவர் எங்கள் இயற்பியல் சார். பள்ளித் தோட்டத்துத் தொட்டியில் பத்து மீட்டரை அளந்து இரண்டு பக்கமும் குச்சி நட்டோம். ஆய்வகத்து ஸ்டாப்வாட்சைச் சாரே எடுத்து வந்தார். அப்புறம் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுத் தந்தார்: எதை மாற்றினோம், என்ன நடந்தது, எத்தனை வினாடி. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றிவிட்டு ஓட்டினால் அந்த ஓட்டத்தை நோட்டில் எழுத விடமாட்டார்.

அந்தப் படகில் ரேடியோ கிடையாது, நேராக மட்டும்தான் போகும். அப்போதுதான் சார் நிக்கோலா டெஸ்லாவின் கதையைச் சொன்னார். 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஒரு தொட்டியில் சின்னப் படகை மிதக்கவிட்டுக் கம்பியே இல்லாமல் டெஸ்லா அதை இயக்கிக் காட்டினார். அதே வருடம் நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ரேடியோவில் குரல் வருவதற்கு முன்பே ரேடியோவில் ஒரு படகு திரும்பியிருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் பெரிய விஷயமாக இருந்தது. தோழன் அன்று மாலையே சுக்கானுக்கு ஒரு படம் வரைந்துகொண்டு வந்துவிட்டான்.

சரி, இந்தப் படகுக்கு வருகிறேன்.

மூக்கில் இருந்த விரிசலை உள்பக்கமாக உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு அடுக்கு கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து ஒட்டி, ஒரு முழு நாள் காயவிட்டேன். வெளிப்பூச்சு அழகாக வரவில்லை. வேகத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது அடிப்பாகம். படகைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பின்பலகையில் இருந்து முன்னோக்கி அடியில் படுக்கவைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கும் படகுக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். பின்கோடியில் அடிப்பாகம் கீழ்நோக்கி வளைந்து அப்படி ஒரு பள்ளம் விழுந்திருந்தால், ஓடும்போது அது மூக்கைத் தண்ணீரில் அமுக்கும். மாறாக வெளிப்பக்கம் புடைத்திருந்தால் படகு தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போகும். இதில் மெல்லிய ஒரு புடைப்பு இருந்தது. மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டு மூன்று மாலை தேய்த்தேன். பின்பலகையும் அடிப்பாகமும் சேரும் ஓரத்தைக் கத்தி முனை போலக் கூர்மையாக்கினேன். அந்த ஓரம் மழுங்கியிருந்தால் தண்ணீர் அங்கே விட்டுப் பிரியாமல் பின்பலகையில் ஒட்டி ஏறும், படகைப் பின்னுக்கு இழுக்கும். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும்.

மோட்டார் புதிது, 2000 கேவி. கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. நான்கு செல் லிப்போ 14.8 வோல்ட் தரும். சுமை இல்லாமல் சுற்றினால் நிமிடத்துக்கு 29,600 சுற்று. நான் போட்ட புரொப்பெல்லரின் விட்டம் 42 மில்லிமீட்டர், பிட்ச் விகிதம் 1.4. அதாவது வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 58.8 மில்லிமீட்டர் முன்னேறும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 104 கிலோமீட்டர். இது தாளில் வரும் எண். சுமையில் பேட்டரியின் வோல்ட் இறங்கும், மோட்டாரின் சுற்று குறையும், புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்கும். நன்றாகச் சீர்செய்த படகுக்கும் சாதாரணப் படகுக்கும் உள்ள வித்தியாசம், இந்த 104-ல் எவ்வளவை மீட்டோம் என்பதில்தான் இருக்கிறது.

வயர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேட்டரியில் இருந்து கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போகும் வயரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக வைக்க வேண்டும். அது நீண்டால் மின்னழுத்தம் துள்ளித் துள்ளி, பலகையின் கெப்பாசிட்டரைக் கொல்லும். நீளம் வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்து வயரை நீட்டிக்கொள்ளலாம். பழைய பலகை கறுத்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அதில் பேட்டரி வயர் ஒரு முழம் இருந்தது.

தண்டு இப்போது ஸ்போக் இல்லை. எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் முறுக்கிய வளையும் தண்டு. பித்தளைக் குழாய்க்குள், டெஃப்லான் உறைக்குள் கிரீஸோடு சுற்றும். இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். சுமை ஏறும்போது அந்த முறுக்கு இறுகித் தண்டின் நீளம் கொஞ்சம் குறையும். அதற்காக, படகுக்குப் பின்னால் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் துண்டுக்கும் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நான் ஒட்டி வைத்துவிட்டேன். முதல் நாள் ஒன்றரை நிமிடத்தில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. படகைக் கரைக்குக் கொண்டுவந்து தொட்டால் ஸ்ட்ரட் சுடுகிறது, டெஃப்லான் உறையின் நுனி உருகியிருக்கிறது. இடம் இல்லாமல் தண்டு தன்னைத்தானே உள்ளே இழுத்து, ஸ்ட்ரட்டை பிரேக் மாதிரி பிடித்திருக்கிறது. உறையை மாற்றி, இடைவெளி விட்டபின் அந்தச் சத்தம் வரவே இல்லை.

அடுத்த வாரம் தோழனும் வந்தான். கரையில் வேறு யாரும் இல்லாத, யாரும் நீந்தாத ஏரி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் இந்த வேகத்தில் வருவது விளையாட்டு இல்லை, ஆள் இருந்தால் ஓட்டவே கூடாது. ரிசீவரின் ஆன்டெனாவைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு குழாயில் நிறுத்தினேன், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். வேகத்தை அளக்கக் கூட ஒரு சின்ன ஜி.பி.எஸ். வைத்தோம்.

நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டேன். தோழன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை என் கையில் இருந்து வாங்கி அவனே எழுத ஆரம்பித்தான்.

முதல் ஓட்டம் மணிக்கு 52 கிலோமீட்டர். மூக்கு மேலும் கீழும் அடித்துக்கொண்டே போனது. இந்த வகைப் படகுக்கு எடை மையம், பின்பலகையில் இருந்து மொத்த நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். இதற்கு 216 மில்லிமீட்டர். இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தால் 190-ல் நிற்கிறது. பேட்டரியை முன்னால் தள்ளினோம். 61. மூக்கு அடங்கியது, ஆனால் வேகம் ஏறியதும் படகு இடம் வலம் என்று ஆடத் தொடங்கியது. படகின் சாய்வைச் சரிசெய்யப் பின்பலகையில் இருக்கும் இரண்டு ட்ரிம் தகடுகளையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். இடது தகடு அரை மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைந்திருந்தது. நேராக்கினோம், ஆட்டம் நின்றது.

ஒரு ஓட்டம் நான்கு நிமிடம்தான். சராசரி 60 ஆம்பியர் இழுத்தால் 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஐந்து நிமிடத்தில் தீரும். ஆயுள் வேண்டுமானால் 80 சதவீதம் செலவானதும் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் மோட்டாரின் வெப்பத்தை அளந்து எழுதுவோம். அதிகச் சூட்டில் உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் தன் பலத்தை இழந்துவிடும், அப்புறம் அது திரும்பி வராது. 58 டிகிரிக்கு மேல் நாங்கள் போகவில்லை. சுக்கான் வழியாக ஏறும் ஏரித் தண்ணீர் பலகையையும் மோட்டாரையும் குளிர்வித்துச் சுற்றிவந்து பக்கவாட்டுத் துளையில் பீய்ச்சுகிறதா என்று ஒவ்வொரு வட்டத்திலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, புரொப்பெல்லரின் முன்விளிம்பை அரத்தால் கூர்மையாக்கி, கனமான பக்கத்து இதழை உரசிச் சமன்செய்து போட்டேன். 68 வந்தது. வந்த அதே ஓட்டத்தில் மூக்கு தூக்கி, அடியில் காற்று புகுந்து, படகு பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் அடித்து விழுந்தது.

அந்தக் காட்சியைச் சார் எங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார். 1967 ஜனவரி 4 அன்று, இங்கிலாந்தின் கொனிஸ்டன் ஏரியில் தண்ணீரில் வேகச் சாதனைக்கு முயன்ற டொனால்ட் கேம்ப்பெல் தன் ப்ளூபேர்ட் படகில் உயிரைவிட்டது இப்படித்தான். மூக்கு ஒரு அளவுக்கு மேல் எழுந்துவிட்டால் அப்புறம் படகைக் காற்று எடுத்துக்கொள்ளும், ஓட்டுபவர் கையில் ஒன்றும் இருக்காது. சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரப்படகு கட்டிய கென் வார்பி, 1978 அக்டோபரில் அதன் மூக்கைக் கீழேயே பிடித்துவைத்து மணிக்கு 511 கிலோமீட்டர் ஓடினார். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. கேம்ப்பெல்லின் கதையைச் சொல்லும்போது சாரின் குரல் இறங்கிவிடும். எங்கள் படகில் ஆள் இல்லை. ஆனாலும் அது தலைகீழாக விழுந்தபோது இருவரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

இடது ஓரத்தில் தண்ணீர் புகும் அறை ஒன்று இருப்பதால் படகு தானாகவே நிமிர்ந்தது. மெதுவாக ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தோம். பேட்டரியை முன்னால் தள்ளலாம் என்றான் தோழன், ஸ்ட்ரட்டை இறக்கலாம் என்றேன் நான். இரண்டையும் செய்யலாமே என்று இரண்டு பேருக்குமே தோன்றியது, செய்யவில்லை. ஸ்ட்ரட்டை ஒரு மில்லிமீட்டர் இறக்கினேன். புரொப்பெல்லர் அவ்வளவு ஆழத்தில் தள்ளும்போது வால் எழும், அதனால் மூக்கு தணியும்.

71. தண்ணீரில் பின்பகுதி மட்டும் தொட்டுக்கொண்டு, பின்னால் வெள்ளைச் சேவல் வால் மாதிரி நீர் எழும்ப, ஒரு கோடு கிழித்தது போலப் போனது. தோழன் எண்ணை எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டான். சார் போடுவது அப்படித்தான்.

அன்று இரவே வீடியோவைச் சாருக்கு அனுப்பினோம். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் உடனே கூப்பிட்டார். வேகம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

"கடைசி ஓட்டத்துக்கு முன்னால எதை மாத்தினீங்கப்பா?"

"ஸ்ட்ரட்டை ஒரு மில்லிமீட்டர் இறக்கினோம், சார்."

"அது மட்டும்தானே?"

"அது மட்டும்தான், சார்."

"பேட்டரி?"

"தொடலை, சார்."

"சரி. தண்டை வெளியே எடுத்துத் துடைச்சு வச்சீங்களா?"

தோழன் அப்போது என் பின்னால் உட்கார்ந்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தான். வலது திருப்பம் சுத்தமாக வருகிறது. இடது திருப்பத்தில் படகு இன்னும் உதறுகிறது. சுக்கானின் விளிம்பாக இருக்கலாம் என்கிறார் சார். அடுத்த சனிக்கிழமை அதை மட்டும் தேய்த்துவிட்டு ஓட்டப்போகிறோம்.