கல்

கெண்டைக்காலில் கல் குத்துமா?

அன்றைக்கு இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான்கு வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேண்ட்டை மேலே சுருட்டியபடி அந்தப் பையன் சொன்னது இவ்வளவுதான்: "கல் குத்தே நே காட்டா."

கல் குத்தி என்று என் காதில் விழுந்தது. "எங்க தம்பி, காட்டு" என்றேன். அவன் முகம் தெளிந்தது. "ஹாங், காட்டா, காட்டா" என்று தலையாட்டிக்கொண்டே காலை நீட்டினான். சொன்னது புரிந்துவிட்டது என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'குத்தா' நாய். 'காட்டா' கடித்தது. நேற்று நாய் கடித்துவிட்டது என்று அவன் சொன்னான். மூன்று சொல்லும் தமிழாகவே என்னிடம் வந்து சேர்ந்தன.

அன்று கேஷுவால்டியில் ஒரு பைக் விபத்து. டூட்டி டாக்டர் அங்கே தையல் போட்டுக்கொண்டிருந்தார். "இது என்ன சிஸ்டர்?" என்று திரும்பிக் கேட்டார். "கல்லு குத்தினதுங்க சார்." எட்டிப் பார்த்துவிட்டு டி.டி. (டெட்டனஸ் ஊசி), டிரெஸ்ஸிங் என்று சீட்டில் எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார்.

காயத்தை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒரு விரல் இடைவெளியில் இரண்டு புள்ளிகள். ஒன்று ஆழம், ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கீழே ஒரு சிராய்ப்பு. கல் உள்ளங்காலில் குத்தும். கெண்டைக்காலில், அதுவும் ஜோடியாகக் குத்தாது. பஞ்சை வைக்கும்போது கை ஒரு நொடி நின்றது. ஆனாலும் கட்டுப் போட்டுவிட்டேன். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிக் கட்டாமல் விடவேண்டிய காயம் அது.

மறுநாள் கூட ஒருவரை அழைத்து வந்தான். அவர் பனியன் கம்பெனியில் பல வருடமாக இருப்பவர், தமிழ் பேசுவார். "சிஸ்டர், நாய் கடிச்சுது. ஊசி போடலையா?" என்றார்.

கட்டை நானே பிரித்தேன். குழாயடியில் உட்கார வைத்துக் கழுவினேன். பிறகு இரண்டு தோளிலும் ஏ.ஆர்.வி. என்கிற வெறிநாய்க்கடித் தடுப்பூசி, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்து. ஊசி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். எது என்பதை வினைதான் சொல்லும். வடமொழியில் விடியலைக் குறிக்கும் 'கல்ய' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். போன விடியலும் வரப்போகும் விடியலும் இன்றிலிருந்து ஒரே தூரம்தானே என்று யோசித்தபோது எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. நமக்கோ நேற்று வேறு, நாளை வேறு. வினையைக் கேட்காமலேயே நாள் புரிந்துவிடும். இந்தி பேசுபவரிடம் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். நான் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு யாரும் இந்தி சொல்லித்தரவில்லை. நர்சிங் படிப்பில் அது இல்லை. ஒரு ஷிஃப்டில் எத்தனை முகங்கள். இதெல்லாம் நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவிநாசியிலிருந்து ஒரு ஆள் வந்து கெண்டைக்காலைக் காட்டி "கல்லு குத்திருச்சுங்க" என்றால், "அங்க எப்படிங்க குத்தும்?" என்று கேட்காமல் விட்டிருப்பேனா? நிச்சயம் கேட்டிருப்பேன். நாள் முழுக்க ஒன்றும் புரியாத பேச்சுக்கு நடுவில் ஒரு வாக்கியம் புரிந்ததே என்ற சந்தோஷத்தில் இவனிடம் கேட்கத் தோன்றவில்லை. புரியாமல் போயிருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்பேன்.

இப்போது காலில் காயம் என்று யார் வந்தாலும் முதலில் "நாயா? குத்தாவா?" என்று கேட்டுவிடுகிறேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை. போன மாதம் ஒரு வங்காளப் பெண் வந்து, "கால் தேகே" என்று ஆரம்பித்தாள். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். வங்காளத்தில் அது 'நேற்றிலிருந்து'. அவளுக்கு வயிற்று வலி.

அந்தப் பையன் அடுத்தடுத்த ஊசிகளுக்கு 3ஆம் நாள் வந்தான், 7ஆம் நாள் வந்தான். அன்று அட்டையில் 28ஆம் நாளுக்கான தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மாதத்தின் பெயரையும் இரண்டு முறை சொன்னேன். அவனும் திருப்பிச் சொன்னான். அந்தத் தேதியில் அவன் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டதாக உடன் வந்தவர் சொன்னார். கொடுத்திருந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அட்டையைக் காட்டினால் எந்த அரசு மருத்துவமனையிலும் போட்டுவிடுவார்கள், போட்டிருப்பான் என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நான்காவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.