ஜே-1 விசாவில் ஒரு விடுமுறைக்கால வேலை

செமஸ்டர் விடுமுறையில் ஜே-1 விசாவில் அமெரிக்கா போய் வேலை பார்க்கலாம் என்று இங்கே மலேசியாவில் பல்கலைக்கழக வளாகத்தில் ஏஜெண்டுகள் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். சுற்றி நிற்பவர்கள் கேட்பதெல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். "ஸ்பான்சர் யார் என்று முதலில் கேள்" என்று எனக்குச் சொன்னவர், முந்தைய ஆண்டு போய்வந்த ஒரு சீனியர் அக்கா. அந்த ஒரு கேள்விதான் என்னைக் கடைசிவரை காப்பாற்றியது.

ஜே-1 வழக்கமான வேலை விசா அல்ல. 1961-இல் வந்த ஒரு கலாசாரப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் தரப்படுவது. அதில் கோடைக்கால வேலைப் பயணம் என்ற பிரிவு, குறைந்தது ஒரு செமஸ்டராவது முடித்த முழுநேர மாணவர்களுக்கு மட்டும். அதிகபட்சம் 4 மாதம். நம் ஊர் ஏஜெண்ட் வெறும் இடைத்தரகர். உண்மையான பொறுப்பு, அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனத்துக்கு. டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தருவது அவர்கள்தான். அது இல்லாமல் விசா நேர்காணலே கிடையாது. அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஏஜெண்ட் சொன்ன பெயரை அதில் தேடிப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

சிங்கப்பூர் மாதிரி விசா விலக்கு உள்ள நாட்டு மாணவர்கள் அங்கே போய் இறங்கிய பிறகும் வேலை தேடிக்கொள்ளலாம். மலேசியக் கடப்பிதழுக்கு அந்தச் சலுகை இல்லை. வேலை முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது விஸ்கான்சின் டெல்ஸில் ஒரு ஹோட்டலின் காலை உணவுக்கூடம். நீர்ப் பூங்காக்களுக்குப் பேர்போன சின்ன ஊர் அது. வேலைக் கடிதத்தில் மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அறை வாடகை எவ்வளவு பிடிப்பார்கள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாடகையைக் கழித்துப் பார்த்தால்தான் கையில் என்ன மிஞ்சும் என்று தெரியும். நம் பிள்ளைகள் பலர் கடன் வாங்கித்தான் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கிடங்கு வேலையோ, பெரும்பகுதி இரவு 10 முதல் காலை 6 மணிக்குள் வரும் வேலையோ தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2011-இல் பென்சில்வேனியாவில் சாக்லேட் பொட்டலம் கட்டும் கிடங்கில் இருந்த ஜே-1 மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தடை வந்தது. அவர்கள் துணிந்து வெளியே வந்ததன் பலனை நாம் அனுபவிக்கிறோம்.

கட்டணம் இரண்டு: செவிஸ் என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டில் பதிய 35 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். செவிஸ் பக்கம் 220 டாலர் என்று காட்டினால் பிரிவு மாறிப் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், 2025 ஜூன் முதல் ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்.

நேர்காணல் கோலாலம்பூர், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்ன படிக்கிறாய், அடுத்த செமஸ்டர் எப்போது, அங்கே என்ன வேலை என்று கேட்டார். திரும்பி வருவோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி நம்முடையது. வகுப்பு மீண்டும் தொடங்கும் தேதியோடு பல்கலைக்கழகத்தில் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஒரு சிறு கையேட்டைக் காட்டி, படித்தாயா என்றும் கேட்டார். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஸ்பான்சரிடம் பதிவு செய்தேன். தங்கும் முகவரி மாறினால் 10 நாளுக்குள் அதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளத்துக்கும் வரிக்கும் வேண்டிய சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டால் போதும், எண் வரும்வரை காத்திருக்காமலே வேலை பார்க்கலாம்.

முதல் சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தங்கள் கண்ணில் பட்டன: ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் 1.45 சதவீதம். வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் ஜே-1 மாணவர்களிடம் இந்த இரண்டையும் பிடிக்கக் கூடாது. வரித் துறை வெளியீடு 519-இல் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு சம்பளப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா கணினியில் என் விவரத்தைத் திறந்து பார்த்தார், விசா வகையே பதிவாகவில்லை. அங்கேயே திருத்தினார், பிடித்த பணம் அடுத்த சம்பளத்தில் திரும்பி வந்தது. என்னோடு வேலை பார்த்த மற்ற மாணவர்களையும் சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன், சிலருக்கு அதே கதைதான். முதலாளி திருத்த மறுத்தால் ஸ்பான்சரைக் கூப்பிடுங்கள். அவர்களும் கைவிரித்தால் ஜே-1 மாணவர்களுக்கென்றே வெளியுறவுத் துறையின் உதவி எண் இருக்கிறது.

வேலைக்காலம் முடிந்த பிறகு ஊர் சுற்ற 30 நாள் தருகிறார்கள். அந்த நாட்களில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. கிளம்பும் முன் முதலாளியிடம் மலேசிய வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பள, வரிப் பிடித்தச் சீட்டை அடுத்த ஜனவரி வாக்கில்தான் அனுப்புவார்கள். ஏப்ரல் 15-க்குள் வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்ய அது வேண்டும்.