முள்ளுக்கத்திரியும் மூன்று நாள் மழையும்

வேலூரில் செடி வளர்ப்பவர்களுக்கு வெயிலோடு மல்லுக்கட்டத்தான் தெரியும். மே மாதத்தில் ஒரு தக்காளிச் செடியைச் சாகவிடாமல் காப்பது எப்படி என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவேன். மழையைச் சமாளிக்க மட்டும் 2024 அக்டோபரில்தான் கற்றுக்கொண்டேன், ஒரு தட்டு நாற்றைப் பறிகொடுத்து.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்புறம் எட்டடிக்கு ஆறடி சிமெண்ட் முற்றம். அதில் பதினோரு பைகள். ஆசை முழுவதும் இலவம்பாடி முள்ளுக்கத்திரி மேல். அணைக்கட்டுப் பக்கத்துக் காய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது, காம்பெல்லாம் முள். பொங்கலுக்கு நம் வீட்டுக் கத்திரிக்காய்தான் என்று மாமியாரிடம் வாயை வேறு விட்டுவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் விதைத்தேன். எட்டாம் நாள் முளைத்து, இரண்டிலையோடு அழகாக நின்றது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடந்தது. பூனையைத் திட்டினேன். பிறகு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர்கோத்து, பழுப்பேறி, தையல் நூலாக இளைத்திருந்தது. நாற்றழுகல் நோய். ஈரம் வடியாமல் நின்றால் மண்ணிலுள்ள பித்தியம் என்ற கிருமி செய்யும் வேலை இது. போதாததற்கு, நான் விதையை நெருக்கமாகத் தூவியிருந்தேன்.

பக்கத்துப் பையில் வெண்டை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சத்துக் குறைவென்று நினைத்து மண்புழு உரம் போட்டேன், இன்னும் மோசமானது. பையைச் சாய்த்தபோது அடியிலிருந்து சாக்கடை வாடை. குற்றவாளி நானேதான். கோடையில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று எல்லாப் பைக்கும் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, மண்ணில் ஏரி வண்டலைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தேன். வெயிலில் செடியைக் காப்பாற்றிய அதே இரண்டும் மழையில் வேரை மூச்சுத் திணற வைத்துவிட்டன.

தட்டுகளை எடுத்துப் பரணில் போட்டேன். ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல். பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான்கு துளை. அடித்துளை சேறு கட்டி அடைத்துக்கொண்டாலும் இது வழிவிடும். மண்ணைக் கொட்டிவிட்டுச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் என் முதுகும் போயின.

அக்டோபர் 12-ஆம் தேதி மறுபடி விதைத்தேன். இம்முறை குழித்தட்டில், குழிக்கு ஒரே விதை, ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே. அழுகல் கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியை லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்து ஊற்றினேன். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர். ஐந்தாம் வாரம் பைக்கு மாற்றி, மழைத்துளி சேற்றை இலையில் தெறிக்காதபடி மேலே வேர்க்கடலைத் தோலைப் பரப்பினேன். மாமியார் போளூர்க்காரர், அதை மல்லாட்டைத் தோல் என்றுதான் சொல்வார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தூக்கம் பிடிக்காமல் டார்ச்சோடு முற்றத்துக்குப் போனேன். ஒவ்வொரு பையின் பக்கத் துளையிலிருந்தும் தண்ணீர் நூல் பிடித்தது போல ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் நான்தான் தொப்பலாக நனைந்தேன்.

ஆனால் பொங்கலுக்குக் கடைக் காய்தான். ஜனவரி கடைசியில்தான் முதல் ஐந்து காய் பறித்தேன், விரலில் இரண்டு முள்ளோடு. "பொங்கல் ஊருக்குப் போன பிறகு சீர் வந்திருக்கிறது" என்றார் மாமியார். ஆனாலும் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை கேட்டு ஊற்றிக்கொண்டார்.

பரணில் போட்ட தட்டுகளை மார்ச்சில் இறக்க வேண்டும்.