சொந்தக் காரணங்களுக்காக

பதினோரு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். என் மேசைக்கு வரும் பணிவிலகல் கடிதங்களில் பெரும்பாலானவை "சொந்தக் காரணங்களுக்காக" என்றே சொல்கின்றன. பணியிலிருந்து விடுவிக்கும் ரிலீவிங் கடிதத்தில் கையெழுத்திடப்போவது நாங்கள். அடுத்த நிறுவனம் விசாரிக்கப்போவதும் எங்களிடம்தான். அப்படியிருக்க, மேலாளரைப் பற்றி எழுதிவைக்க யாருக்குத் துணிவு வரும்?

ஆறு ஆண்டுகள் பணியாற்றிய ஒரு பெண், விலகல் நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் "ஒன்றும் குறையில்லை" என்று சொல்லி, அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்தார். தாம் மூன்று மாதம் அருகில் உட்காரவைத்து வேலை கற்றுக்கொடுத்த புதியவருக்குத் தம்மைவிடச் சம்பளம் அதிகம் என்று தற்செயலாகத் தெரியவந்த நாளிலேயே மனம் விட்டுப்போயிற்று என்றார். சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவது பாதிதான் உண்மை.

2022 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் இன்ஃபோசிஸில் தாமாக விலகியோர் விகிதம் 28.4 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஆண்டில் மட்டும் மேலாளர்கள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. வெளியே இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஐந்து ஆண்டு நிறைந்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பதால், நான்கரை ஆண்டு முடித்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதையும், ஐந்து முடிந்த மறுமாதமே கடிதம் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

2001இல் அரசுப் பணியில் சேர்ந்த என் அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவரைப் போலப் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலமே கணக்கில் வராமல் போகும். இருபது ஆண்டு முடித்து, மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வில் போனால்தான் ஓய்வூதியம் கிடைக்கும். ஆகவே அங்கே மனம் வெறுத்தவர்கள் இடமாறுதலுக்கு மனுப் போடுகிறார்கள், மருத்துவ விடுப்பில் போகிறார்கள். விலகல் கடிதம் மட்டும் கொடுப்பதில்லை. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78,000 பேர் ஒரே நாளில் வெளியேறியதும், 50 வயது கடந்தோருக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகுதான்.

அந்தப் பெண்ணின் கோப்பை அன்று மாலை கணினியில் முடித்தேன். காரணம் என்ற கட்டத்தில் எதைப் பதிந்தாலும் அது அவருடைய மேலாளரின் பார்வைக்குப் போகும். அடுத்த நிறுவனம் அவரைப் பற்றி எங்களிடம் விசாரித்தால், நாங்கள் கேட்கப்போவதும் அதே மேலாளரிடம்தான். "சொந்தக் காரணங்கள்" என்று பதிந்தேன்.