மாணவர் வாரத்துக்கு அட்டவணை போடுகிறவர்களுக்கு

நடனப் போட்டிக்கு 20 குழுக்கள், குழுவுக்கு 5 நிமிடம், ஆக 100 நிமிடம். அரங்கத்தை இரண்டு மணி நேரம் எடுத்தால் தாராளம் என்று தோன்றும். போதாது. ஒரு குழு இறங்கி, அடுத்தது ஏறி, தொகுப்பாளர் பெயர் சொல்லி, பாட்டு தொடங்க எப்படியும் 2 நிமிடம் ஓடிவிடும். 19 இடைவெளிக்கு 38 நிமிடம். நடுவர்கள் மதிப்பெண் கூட்ட, முடிவு அறிவிக்க இன்னொரு கால் மணி. மூன்று மணி நேரமாக எடுத்துவிடுங்கள். மாணவர் வாரம் சொதப்புவது பெரும்பாலும் நிகழ்ச்சியில் அல்ல, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில்தான்.

இசைக்குழுவை நடனங்களுக்கு நடுவே செருகவே கூடாது. டிரம்ஸ் ஏற்றி, மைக் வைத்து, ஒலி சரிபார்க்கக் கால் மணிக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். முதல் ஐட்டமாக வைத்தால், கதவு திறப்பதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கும்.

விவாதப் போட்டியில் இந்தக் கணக்கு இன்னும் கறார். பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில் ஓர் அறைக்கு நான்கு அணிகள், அணிக்கு இருவர். எட்டுப் பேர் தலா 7 நிமிடம் பேசினால் 56. தலைப்புக் கொடுத்தபின் தயாரிப்புக்கு 15. நடுவர்கள் கலந்து பேச இன்னொரு 15. அறை தேடி அலைவதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வைப்பதுதான் நியாயம். ஒரு பிற்பகலில் நான்கு சுற்று என்று நோட்டீஸ் அடித்தால் இரவாகிவிடும். அணிகளின் எண்ணிக்கையும் நான்கால் வகுபட வேண்டும். 18 அணிகள் பதிவு செய்திருந்தால், இடத்தை நிரப்ப இரண்டு மாற்று அணிகள் வேண்டும். எல்லாம் சரியாக வகுபட்டாலும் ஒரு மாற்று அணி வளாகத்திலேயே இருக்கட்டும். காலையில் வராமல் போகும் அணி ஒன்றாவது இருக்கும்.

விளையாட்டில் நாக் அவுட் எளிது: 13 அணிகள் என்றால் 12 ஆட்டம். 16-க்கு மூன்று குறைவதால், முதல் சுற்றில் மூன்று அணிகளுக்கு ‘பை’ (bye), அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு. அந்த மூன்றையும் கேப்டன்கள் முன்னிலையில் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குழு உட்கார்ந்து தீர்மானித்தால் சண்டை நிச்சயம். லீக் ஆசை வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 8 அணிகள் ஒருவரோடொருவர் மோத 28 ஆட்டம். ஒரே மைதானம் இருந்தால் வாரம் முழுக்க அதுவே ஓடும். நான்கு நான்காக இரண்டு பிரிவு, பிறகு அரையிறுதி, இறுதி என்றால் 15-இல் முடிந்துவிடும்.

அரங்கம் மோதுகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். ஆள் மோதுகிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. கோல்கீப்பரே குழுப்பாடலிலும் இருப்பார். பதிவுப் படிவத்தில் ஒவ்வொருவரின் மாணவர் எண்ணையும் வாங்கி, எல்லாப் போட்டிகளையும் ஒரே ஷீட்டில் சேர்த்து, ஒரே எண் எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று தேடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். அட்டவணையை வெளியிடுவதற்கு முன் இதைச் செய்தால் மட்டுமே பயன்.

பாட்டு ஃபைல்களை முந்தைய மாலையே வாங்கி, மேடை வரிசை எண்ணைப் பெயரின் முன்னால் போட்டு (07 என்பதுபோல்), ஒரே லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டினால் சரியாக நடனத்தின் நடுவில்தான் சுற்றிக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளும் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வரும் தொல்லை. லேப்டாப்பையும் மிக்ஸரையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் நடுவில் டிஐ பாக்ஸ் வேண்டும் (ஒலியை மட்டும் கடத்தி, எர்த் இணைப்பைப் பிரிக்கும் சிறு பெட்டி). மைக் கீச்சிடுவதற்குக் காரணம் வேறு: பேசுபவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போய்விடுகிறார். ஸ்பீக்கர்களை மேடை விளிம்புக்கும் முன்னால் தள்ளி வைத்தால் பாதித் தொல்லை தீரும். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேடை விளக்குகளைச் செருகுகிறீர்களென்றால் முழுவதும் பிரித்து விடுங்கள். சுற்றியபடியே அதிக மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

நடுவர் ஒருவர் பாதியில் வந்தால் அவருக்கு நாற்காலி கொடுங்கள், மதிப்பெண் தாள் வேண்டாம். அவர் கறாரானவராக இருந்தால், பின்னால் ஆடிய குழுக்களின் சராசரி மட்டும் இறங்கும். சமநிலை வந்தால் எந்தப் பிரிவின் மதிப்பெண்ணைப் பார்ப்பது என்பதையும் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசி நாள் மேடை பிரிக்கும் வேலைக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். காலையிலிருந்து நின்ற தன்னார்வலர்கள் கடைசிப் பாட்டோடு காணாமல் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று வேறு பணி இல்லாத எட்டுப் பேரின் பெயரை எழுதி, கடன் வாங்கிய மைக், கேபிள், நாற்காலி எண்ணிக்கை எழுதிய தாளை அவர்களில் ஒருவர் கையில் கொடுங்கள்.