கயிறில்லாத மாடுகள்

மாட்டைக் கண்டு ஒதுங்கிப் போகிற ஆள் இல்லை நான். பொள்ளாச்சிப் பக்கம் கட்டுத்தறியோடு வளர்ந்தவன். சாணி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஷெஃபீல்டுக்கு வந்த புதிதில், "நடக்கப் போகிற இடத்தில் மாடு இருந்தால் ஜாக்கிரதை" என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது.

இங்கிலாந்தில் பொதுவழி என்று பதிவாகிவிட்டால், அடுத்தவர் நிலமானாலும் யாரும் நடக்கலாம். வழி மேய்ச்சல் காட்டுக்கு நடுவிலேயே போகும். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி, அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடு, அவ்வளவுதான் அடையாளம். ஷெஃபீல்டில் ரயிலேறினால் அரை மணி நேரச் சொச்சத்தில் ஈடேல் கிராமம். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

அது ஒரு ஜூன் மாதம். ஊருக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரரின் நாய் எங்கள் பொறுப்பில் இருந்தது. அதையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கக் கிளம்பி, வழியில் ஒரு மேய்ச்சல் காட்டின் கதவைத் திறந்து உள்ளே போனோம். இருபது மாடுகள் இருக்கும். படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, நடுவில் கன்றுகள். நான் உற்சாகமாக நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். ஒரு கறுப்பு மாடு பின்னங்காலை ஊன்றி எழுந்தது. காதில் மஞ்சள் அட்டை. தலையைத் தாழ்த்தி, புஸ்ஸென்று மூச்சுவிட்டு, முன்னங்காலால் மண்ணைக் கீறியது. அதைப் பார்த்து மற்றவையும் எழுந்தன. நாயோ என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மாட்டின் கண் நாய்மேல். நடுவில் நான்.

"கயிற்றை விடுங்க!" என்று மனைவி கத்தினாள். மாடு துரத்தினால் நாயை விட்டுவிடு என்று வாசலில் மாட்டியிருந்த பலகையை அவள் படித்திருக்கிறாள், நான் படிக்கவில்லை. விட்டேன். நாய் சிட்டாய்ப் பறந்து கதவுக்கு அடியில் நுழைந்துவிட்டது. மாடுகள் அதன் பின்னால் ஓடின. நாங்கள் கல்சுவரில் ஏறிக் குதித்தோம். நான் விழுந்தது இந்த ஊர்க் காஞ்சொறிப் புதரில்.

யோசித்துப் பார்த்தால், கன்று போட்ட மாட்டிடம் போகாதே என்று அம்மாவும்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் எங்கள் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. தினமும் கைபட்டு வளர்ந்தது, ஆள் குரல் தெரியும். இது கறிக்கு வளர்க்கிற மந்தை. கன்று மாதக்கணக்கில் தாயோடவே திரியும், மனிதர் வாடை எப்போதாவதுதான். அதன் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான்.

நான் பயந்ததெல்லாம் காளைக்கு. பத்து மாதம் தாண்டிய பால்மாட்டு இனக் காளையைப் பொதுவழி போகிற நிலத்தில் விடக்கூடாது என்று 1981-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கறி இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம், அது வேறு விஷயம். கன்றோடு நிற்கிற பசுவுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட், பார்வையற்றவர், 2009-ல் இதே பீக் டிஸ்ட்ரிக்டில் வழிகாட்டி நாயோடு நடந்தபோது பசு பாய்ந்து விலா எலும்பு முறிந்தது. இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர்தான், நாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்போது.

இப்போதெல்லாம் கதவருகே நின்று, கன்று தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பது. தெரிந்தால் வரைபடத்தை விரித்து வேறு வழி. போன மாதம் அப்படித்தான், நடைபாதையே இல்லாத சாலையில், உரசிக்கொண்டு போகிற கார்களுக்கு ஓரமாக இரண்டு மைல் நடந்தோம். "இதுக்கு அந்த மாடே தேவலை" என்றாள் மனைவி.