வெள்ளீயம் படாத பாத்திரம்: காரைக்குடியில் பிஸ்மத் படிகம் வளர்த்த குறிப்பு

பிஸ்மத் என்னும் உலோகம் 271.4 டிகிரி செல்சியஸில் உருகும். வீட்டு மின்காயில் அடுப்பே அந்தச் சூட்டைத் தாராளமாகத் தரும். ஆகவே உருக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. படிகம் கூர்மையாக வருவதற்கு இரண்டு காரியம் சரியாக இருக்க வேண்டும். உலோகத்தில் வெள்ளீயமோ காரீயமோ கலக்கக்கூடாது. உருகியது அவசரமில்லாமல் ஆற வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் இதைச் செய்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது முதலாவதைத்தான்.

காரணம் பாத்திரம். இந்தப் பக்கத்து வீடுகளில் கனமான பழைய பித்தளைச் சாமான்கள் நிறைய உண்டு. தடித்த அடி, சூட்டைப் பிடித்து வைக்கும், மெல்ல ஆறும் என்று பார்த்தவுடன் கை அதற்குத்தான் போகும். ஆனால் அவற்றின் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால், பூச்சு முழுவதும் பிஸ்மத்துக்குள் கரைந்துபோகும். பூச்சு தேய்ந்த பாத்திரமும் உதவாது, ஏனென்றால் பித்தளையில் உள்ள துத்தநாகமும் பிஸ்மத்தில் கரையும். ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சொம்பே உருகிவிடும்.

கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால் என்ன ஆகிவிடும்? பிஸ்மத் 58 பங்கு, வெள்ளீயம் 42 பங்கு சேர்ந்த கலவை 138 டிகிரிக்கு ஆறும்வரை திரவமாகவே இருக்கும். பிஸ்மத் உறையும்போது தன் படிகத்துக்குள் வெள்ளீயத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை, மீதித் திரவத்துக்குள் தள்ளிவிடுகிறது. அந்தத் திரவம் படிகங்களுக்கு இடையில் தேங்கி, கடைசியில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் முழுதாக வடியாது. படிகத்தின் படிக்கட்டு போன்ற விளிம்புகள் மொழுக்கென்று மூடிப்போகும், நிறமும் சாம்பலாக நிற்கும். காரீயமும் இதே வேலையைச் செய்யும், அதன் கலவை 125 டிகிரிவரை உறையாது. எனவே ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் 99.99 சதவீதக் கட்டியாக வாங்குவதே நல்லது. தூண்டில் குண்டு, பழைய உலோகத் துண்டு என்று சேர்த்து உருக்கினால் படிகத்துக்கு ஆகாது.

இந்தச் சேர்க்கை சுரங்கத்திலேயே தொடங்குகிறது. பூமி மேலோட்டில் பிஸ்மத் மிக அரிது. தனி உலோகமாகவும், சல்பைடான பிஸ்மத்தினைட், ஆக்சைடான பிஸ்மைட், கார்பனேட் வகையான பிஸ்முடைட் ஆகிய கனிமங்களாகவும் கிடைக்கிறது. ஆழத்துச் சூடான நீர் பாறைப் பிளவுகளில் படியவிட்ட நரம்புகளில், வெள்ளீயம், டங்ஸ்டன், கோபால்ட், வெள்ளி இவற்றோடு ஒட்டியே இருக்கும். ஜெர்மனியின் ஷ்னீபெர்க், பொலிவியாவின் சுரங்கங்கள் இதற்குப் பேர்போனவை. பிஸ்மத்துக்காகவே தோண்டும் சுரங்கங்கள் குறைவு, பெரும்பகுதி காரீயத்தையும் டங்ஸ்டனையும் பிரிக்கும்போது உபரியாக வருகிறது. உருகிய காரீயத்தில் கால்சியமும் மக்னீசியமும் போட்டால் அவை பிஸ்மத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும், அதை வழித்தெடுப்பது ஒரு முறை. இன்னொன்று மின்பகுப்பு, அதாவது மின்சாரம் செலுத்திப் பிரிப்பது: காரீயம் எதிர்முனைக்குப் போய்ப் படிய, பிஸ்மத் நேர்முனைச் சேற்றில் தங்கிவிடும். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் இதை மேலும் விளக்கத் தேவையில்லை. 1753-இல் பிரான்சின் குளோத் ஃபிரான்சுவா ஜொஃப்ராய் தெளிவுபடுத்தும்வரை பலரும் பிஸ்மத்தைக் காரீயத்தோடு சேர்த்தே குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்துச் செம்புறாங்கல்லில் பிஸ்மத் தேடுவது வீண்வேலை. அது மழையிலும் வெயிலிலும் பாறை சிதைந்து இரும்பு தங்கிய கல். அதுபோல, கடைகளில் "இயற்கைக் கல்" என்று விற்கும் வானவில் நிறப் படிக்கட்டுப் படிகங்கள் உலையில் வளர்த்தவை. மண்ணில் கிடைக்கும் பிஸ்மத் பெரும்பாலும் தகடு தகடாக, வெள்ளியில் லேசாகச் செம்மை ஓடியதாக இருக்கும்.

இனி செய்முறை. பாத்திரம் எவர்சில்வர், வாய் அகன்று அடி குறுகியது. பிஸ்மத் உறையும்போது சுமார் 3.3 சதவீதம் விரியும். நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் அப்படியே இறுகிக்கொள்ளும், பீங்கான் பூசியதில் பூச்சு தெறிக்கலாம். அளவில் ஏமாறுவது எளிது: 1 கிலோ உருகினால் 100 மில்லிதான் வரும். 8 சென்டிமீட்டர் விட்டத்தில் அது 2 சென்டிமீட்டர் உயரமே நிற்கும், படிகம் வளர இடமில்லை. அதே பாத்திரத்தில் 2 கிலோ போட்டால் 4 சென்டிமீட்டர் கிடைக்கும். நல்ல படிகங்கள் வந்தது அந்த ஆழத்தில்தான்.

320 டிகிரிவரை ஏற்றி, மேலே படியும் மஞ்சள் சாம்பல் நிற ஆக்சைடு ஏட்டை எவர்சில்வர் கரண்டியால் ஓரமாக வழித்து எடுக்க வேண்டும். வெப்பம் பார்க்க, உறையிட்ட கே வகைத் தெர்மோகப்பிளை (கம்பி வடிவ வெப்ப உணரி) உள்ளே விட வேண்டும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு மானி பளபளப்பான உலோகத்தில் மிகக் குறைத்துக் காட்டும், ஏடு படிந்த இடத்தில் வேறு எண் சொல்லும்.

பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரத்தைச் சுற்றி, சூடு தாங்கும் செராமிக் கம்பளி கட்டி, மூடி போட்டு விட வேண்டும். முற்றத்தில் திறந்த காற்றில் வைத்தால் மேற்பரப்பில் முதலில் ஆடை கட்டிவிடும். திட பிஸ்மத் திரவத்தைவிட லேசு, நீரில் பனிக்கட்டி போல மிதக்கும். ஆடை ஒரு முறை கட்டினால் அது கீழே போகாது, தடித்துக்கொண்டே வரும். இந்த உலோகத்தில் ஒரு சௌகரியமும் உண்டு: ஒரே எடைக்கு, உறையும்போது காரீயத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வெளிவருகிறது. அதனால் 271-இல் வெப்பமானி நெடுநேரம் அசையாமல் நிற்கும். படிகம் வளர்வது அந்த நேரத்தில்தான். விளிம்புகள் முகங்களைவிட வேகமாக வளர்வதால்தான் நடுவில் குழிந்த படிக்கட்டு உருவாகிறது.

உறையாத மீதித் திரவத்தை வடித்தால்தான் படிகம் வெளியே தெரியும். எப்போது கவிழ்ப்பது? இடுக்கியால் பாத்திரத்தை லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சுவரோரம் ஒரு விரல் அகலம் விறைத்து, நடு மட்டும் அதிர்ந்தால் அதுதான் நேரம். முந்தினால் மெல்லிய ஓடு மட்டும் மிஞ்சும். பிந்தினால் முழுக்கட்டி, மேலே கொப்புளம் கொப்புளமாகப் பிதுங்கிய திரவத்தோடு. ஒரே வீச்சில் இரண்டாவது பாத்திரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். அந்தப் பாத்திரத்தை முன்பே சூடேற்றி ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாக இதைச் செய்யக்கூடாது. சிமெண்டுக் கல் ஈரம் பிடித்திருக்கும், உருகிய துளி விழுந்தால் நீராவி உலோகத்தைத் தெறிக்கவைக்கும். கீழே உலர்ந்த இரும்புத் தகடு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, உடம்புக்குப் பருத்தி.

நிறம் உலோகத்தினுடையதல்ல, மேலே படியும் ஆக்சைடு ஏட்டின் தடிமன் காட்டுவது. கவிழ்க்கும் நொடியில் படிகம் எப்போதும் 271-ஐ ஒட்டியே இருக்கும். அதனால் நிறத்தை முடிவு செய்வது அதன்பின் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறது என்பதே. உடனே வெளியே எடுத்து ஆறவிட்டால் வைக்கோல் மஞ்சள், பாத்திரத்திலேயே மூடி வைத்தால் ஊதா, நீலம், பச்சை என்று போகும். ஒரே படிகத்தில் மெல்லிய நுனி பொன்னிறமாகவும் தடித்த அடி நீலமாகவும் நிற்பதும் இதனால்தான்.

நிறம் பிடிக்காவிட்டால் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்து மடங்கு நீரில் விட்டு, அதில் படிகத்தை முக்கினால் ஏடு கரைந்து வெள்ளி நிறம் திரும்பும். எடுத்த உடனே தண்ணீரில் அலசினால் வெள்ளைப்பொடி பூத்துவிடும். ஒட்டியிருக்கும் பிஸ்மத் குளோரைடு நீரோடு சேர்ந்து கரையாத ஆக்சிகுளோரைடாக மாறுவதால் வருவது அது. முதலில் இன்னும் நீர்த்த அமிலத்தில் ஒரு முறை அலசி, பிறகு நிறையத் தண்ணீரில் அலசினால் பூக்காது.

பித்தளையைத் துலக்கும் பழக்கத்தில் யாரும் இதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏடு மிக மெல்லியது, தேய்த்த இடத்தில் நிறம் போகும், அழுத்தினால் படிகமே உடையும். தூசிக்கு மென்தூரிகை போதும். அடுத்து 3 கிலோவில், எவர்சில்வர் கம்பி நுனியில் சிறு படிகத்தை வித்தாகத் தொங்கவிட்டு, சுவரில் ஒட்டாத தனிப் படிகம் இழுக்கப் பார்க்கிறோம். வித்தை இறக்கும்போது திரவம் 272-க்கு மேல் இருந்தால் வித்தே கரைந்துவிடும் என்பதால், தெர்மோகப்பிள் முனையைக் கம்பிக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறோம்.